ரீசெட் செய்த பிறகுதான் பணம்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். உயர்ரகப் புதுப் போன்களின் விலை என் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டிவிட்டதால், போன வருடத்து மாடலைப் பாதி விலைக்கு இணையத்தில் தேடிப் பிடித்தேன். கேமரா, பேட்டரி என எல்லாவற்றையும் படித்துத் தெரிந்துகொண்டுதான் பிரிக்பீல்ட்ஸ் மோனோரயில் நிலையத்தில் விற்பவரைச் சந்தித்தேன்.

"நம்மாளுங்கள ஏமாத்துவேனா சிஸ்டர்? புது செட் மாதிரி லா" என்றார். அவர் தமிழில் பேசியதும் மனம் இளகி, பணம் அனுப்ப என் பழைய போனில் தொகையைக்கூட அடித்துவிட்டேன். கடைசி நொடியில், "அண்ணே, உள்ள இருக்கறத எல்லாம் அழிச்சு இங்கயே ரீசெட் பண்ணிப் பாக்குறேன்" என்றேன்.

"வீட்ல போய் பண்ணுங்க லா, எனக்கு டைம் இல்ல."

"எனக்கு இருக்குண்ணே."

ரீசெட்டைத் தட்டியதும் போன் உரிமையாளரின் பாஸ்வர்டைக் கேட்டது. அது இல்லாமல் அந்தப் போன் என்றைக்கும் என்னுடையதாகாது.

"தங்கச்சி போன். பாஸ்வர்ட் மறந்துட்டா" என்று இழுத்தார்.

"அப்போ தங்கச்சிக்கு ஞாபகம் வரட்டும். வந்து வாங்கிக்கிறேன்."

போனை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு படியேறிப் போய்விட்டார்.

மறுவாரம் கிள்ளானில் ஒரு கடையில் அதே மாடலைக் கொஞ்சம் கூடுதல் விலைக்கு, உத்தரவாதத்தோடு வாங்கினேன். அந்தக் கடைக்காரரும் தமிழர்தான். ரீசெட் செய்து பார்த்த பிறகே பணம் கொடுத்தேன்.