பஜ்ஜிக்குள் ஒளிந்திருந்த கோதுமை

பீர்க்கங்காயைக் கால் அங்குலத் தடிமனுக்கு நறுக்க வேண்டும். கூடினால் நடுவில் வேகாது, குறைந்தால் எண்ணெயைக் குடிக்கும். 1961இல் சிங்கப்பூர் தேக்கா சந்தைக்குப் பின்னால் தள்ளுவண்டி போட்ட நாளிலும் ரத்தினம்மாவுக்கு அதே கணக்குத்தான். போன மாதம் கடைசியாக நறுக்கியபோதும் அதே கணக்குத்தான்.

அந்த நாளில் வண்டிக்குத் தவறாமல் வந்தவர் தனசேகரன், துறைமுகத்தில் குமாஸ்தா. ஆள் ஒல்லி, வாய் மட்டும் பெரிது. வருடக்கணக்காக வயிறு படுத்திய பாட்டைப் பார்த்த டாக்டர், கோதுமையைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார். ரொட்டி போனது, பரோட்டா போனது, மீ நூடுல்ஸ் போனது. மிஞ்சியது சோறும் ரத்தினம்மாவின் பீர்க்கங்காய் பஜ்ஜியும். கடலை மாவு, அரிசி மாவு, மிளகாய்த்தூள், உப்பு, பெருங்காயம். அதில் பொட்டுக் கோதுமைகூடக் கிடையாது என்று ரத்தினம்மா வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆனாலும் சனிக்கிழமை பஜ்ஜி தின்றால் ஞாயிற்றுக்கிழமை தனசேகரன் சுருண்டு படுத்துவிடுவார். ஆவணியில் அவருக்குக் கல்யாணம். மாலைப் பலகாரம் ரத்தினம்மா பொறுப்பு.

"என் கல்யாணத்துல எல்லாரும் தின்பாங்க, நான் மட்டும் வெத்தலை மென்னுக்கிட்டு உட்காரணுமாக்கா?"

அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ரத்தினம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சொன்ன சொல் பொய்யாகியிருந்தது.

ஒரு சனிக்கிழமைக்கு ஒரு மாற்றம் என்று முடிவு செய்தார். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது. முதலில் வாணலி, அதில்தான் மைதா போண்டாவும் பொரித்துவந்தார். புது வாணலி, புது எண்ணெய். ஞாயிறு, தனசேகரன் படுக்கை. அடுத்து மாவு மில், அங்கே கோதுமையும் அரைப்பார்கள். கடலைப்பருப்பையும் அரிசியையும் திரிகையில் தானே அரைத்தார், தோள்பட்டை விட்டுப்போனது. ஞாயிறு, படுக்கை. மிளகாயையும் வீட்டிலேயே இடித்தார். அதற்கும் படுக்கைதான்.

இதற்கிடையில், பாவம் அஜீரணம் என்று தனசேகரனுக்குப் போடும் பஜ்ஜி மாவில் மட்டும் வாராவாரம் பெருங்காயத்தைக் கூட்டிக்கொண்டே வந்தார்.

"கப்பல்ல சரக்கு செக் பண்ற மாதிரி என் வயித்தை செக் பண்றீங்களே" என்றார் தனசேகரன். ஆனாலும் அடுத்த சனிக்கிழமையும் முதல் ஆளாக வந்து நின்றார்.

நான்காவது சனிக்கிழமை அடைமழை. பெருங்காயம் தீர்ந்திருந்தது, கடைக்குப் போக முடியவில்லை. மணமில்லாத பஜ்ஜியை நீட்ட ரத்தினம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. தனசேகரன் மூக்கைச் சுளித்தபடி ஆறு தின்றார். மறுநாள் காலை பத்து மணிக்குச் சலவைச் சட்டையில் வண்டி முன்னால் வந்து நின்றார்.

ரத்தினம்மா காலிப் பெருங்காய டப்பாவோடு காதர் மைதீனின் மளிகைக் கடைக்கு நடந்தார். இதில் என்ன சேர்க்கிறார்கள் என்று கேட்டார்.

"வெறும் பெருங்காயப் பால் பிசின் மாதிரி ஒட்டும் தங்கச்சி. கோதுமை மாவு போட்டுப் பிசைஞ்சாதான் கட்டியா நிக்கும். வயித்துக்கு ரொம்ப நல்லதாச்சே, ஏன்?"

"நல்லதுதான் பாய். மூணு வாரமா ஒரு மனுசனுக்கு நானே கூட்டிக் கூட்டிக் குடுத்திருக்கேன்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்ததைப் பார்த்துக் காதர் மைதீன் தராசை நிறுத்திவிட்டார்.

கல்யாணத்துக்கு இடித்த பூண்டும் ஓமமும் போட்டார். பெருங்காய வாசமே இல்லையே என்று பெண் வீட்டார் முணுமுணுத்தார்கள். ரத்தினம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை, மாப்பிள்ளையின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது பஜ்ஜி.

மறுநாள் வண்டியைத் திறந்தார், அடுப்பைப் பற்றவைக்கவில்லை. சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பத்து மணி கடந்தது. பத்தரைக்கு மாப்பிள்ளை நிமிர்ந்து நடந்து வந்தார், பின்னால் புதுப்பெண்.

"இவருக்கு ஒண்ணுமில்லக்கா, நல்லாத்தான் இருக்காரு" என்றாள் அவள். "நேத்து எனக்குத்தான் ஒரு பஜ்ஜிகூட மிச்சம் வைக்கல."

ரத்தினம்மா ஒரு பீர்க்கங்காயை எடுத்துத் தோல் சீவ ஆரம்பித்தார்.