ஆவுடைநாயகத்தின் மூலச்சூடு

குற்றாலம் பேரருவிப் பக்கம் எண்ணெய் தேய்த்துவிடும் ஆவுடைநாயகத்துக்கு மூலத்தைப் பற்றித் தெரியாதது எதுவும் கிடையாது. அவர் அப்படித்தான் நினைத்திருந்தார். வெளிக்கிருக்கும்போது ரத்தம் போகிறது என்று எவர் வாய் திறந்தாலும், "சூடுதான் அண்ணாச்சி. எண்ணெ தேச்சு அருவில நில்லுங்க, சரியாப் போகும்" என்பார்.

தமக்கே ரத்தம் போனபோதும் அதே வைத்தியம்தான். மூன்று சீசன் அருவியில் நின்றார். வலி இல்லை, அதனால் பயமும் இல்லை. ரத்தம் மட்டும் நிற்கவில்லை. 1962 வைகாசியில், ஒரு முதுகு தேய்த்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. மனைவி பேச்சித்தாய் அவர் கண் இமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே வெளுத்துக் கிடந்தது.

"சாரல் விழட்டும்ட்டி, சரியாயிரும்."

"சாரலுக்கு இன்னும் ஒரு மாசம் கெடக்கு. அதுவரைக்கும் ஒடம்புல ரத்தம் வேணும்லா? கெளம்புங்க."

திருநெல்வேலிப் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் விரலால் சோதித்தார். பிறகு விளக்கு வைத்த குழாயை ஆசனவாய் வழியாக விட்டுப் பார்த்தார். ஆவுடைநாயகத்துக்கு மானமே போயிற்று.

"மூலம் இல்லப்பா. குடலோட உள்சுவர்ல சதை வளர்ந்திருக்கு, பாலிப்னு சொல்லுவோம். கத்தரிப் பிஞ்சு மாதிரி காம்போட தொங்குது. பலருக்கு ஒண்ணும் செய்யாது. சிலருக்கு, விட்டுவச்சா வருஷக் கணக்குல புத்துநோயா மாறிடும்."

"வயித்தக் கிழிக்கணுமாய்யா?"

"இது கீழே இருக்கு, வேண்டாம். இதே குழாய் வழியா கம்பிச் சுருக்குப் போட்டு, கரண்ட்ல சுட்டு எடுத்துடலாம்."

எடுத்தார்கள். சதையைச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர பத்து நாள் ஆயிற்று. பத்து நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. புற்று இல்லை என்று டாக்டர் சொன்னதும் பேச்சித்தாய் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

"திரும்பவும் முளைக்கலாம், வருஷா வருஷம் வந்து காட்டணும். சில குடும்பத்துல இது வழிவழியா வரும். வீட்ல வேற யாருக்காவது இப்படி ரத்தம் போச்சா?"

ஆவுடைநாயகத்தின் அப்பாவுக்குப் போயிற்று, உடம்பு உருகி நாற்பத்தைந்து வயதில் செத்தார். இலஞ்சியில் இருக்கும் தம்பி குத்தாலிங்கத்துக்கு இரண்டு வருஷமாக ரத்தம் போகிறது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய தம்பியை மறித்து அருவிக்குள் தள்ளியது இவர்தான்.

பஸ் இறங்கி நேரே இலஞ்சிக்குப் போனார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டதும் தம்பி சிரித்தான். "எனக்குச் சூடுதாண்ணே. நீதான சொன்ன?"

"தப்பாச் சொல்லிட்டேம்லே," என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்பாவுக்கும் தப்பாத்தான் சொன்னேன்."