வாப்பா கேட்காத மாப்பு

வாப்பாவைத் தந்தவன் எடுத்துக்கொண்டான். அவன் தீர்ப்பின் மேல் எங்களுக்கு முறைப்பாடு இல்லை. எங்கள் கரையை எடுத்தது அரசாங்கம். அந்த முறைப்பாட்டோடுதான் வாப்பா போனார். அதோடுதான் மூத்த மகள் நான் இதை எழுதுகிறேன்.

சாய்ந்தமருதில், கடலைப் பார்த்த வளவில் பிறந்தவர் வாப்பா. தகப்பனை இளவயதில் இழந்து, கரைவலைக் கயிறு பிடித்தே தம்பி தங்கைமாரை ஆளாக்கினார். சுனாமியில் வீடும் வலையும் போயின. "கடலோட கோவிச்சிக்கிட்டு எங்க போற?" என்று மறுபடியும் இறங்கினார். முன்கோபக்காரர். மீன் ஆணத்தில் புளி கூடினால் வீடு அதிரும். அநியாயத்தைக் கண்டால் மட்டும் குரல் தணிந்துவிடும். அந்தத் தணிந்த குரலுக்குத்தான் நாங்கள் பயப்படுவோம்.

ஒரு காலையில் 'பாதுகாப்பு வலயம்' என்ற பலகையோடு கரை நெடுகக் கம்பிவேலி நின்றது. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கரைவலை இழுப்பவர்கள் கயிற்றோடு பின்னால் நடக்க வேண்டும். வேலியோ அலைக்குப் பக்கத்தில் நின்றது. வலை நின்றால் கரையில் அத்தனை அடுப்பும் அணையும். மனுக் கொடுத்தோம், பதில் இல்லை.

வாப்பா வலையை விட்டார். கயிற்றை வேலிக்கு அடியால் வீதிப்பக்கம் நீட்டினார். கடைக்காரர்கள், பள்ளியில் தொழுதுவிட்டு வந்தவர்கள், மீன் எடுக்க வந்திருந்த பாண்டிருப்புத் தமிழ் ஆட்கள், எல்லோரும் பிடித்தார்கள். வேலிக்கு இங்கால் நின்று ஊரே வலை இழுத்தது.

கயிற்றை அறுப்பேன் என்று பொலிஸ் அதிகாரி சத்தமிட்டார்.

"அறுங்க சேர். மீனுக்குத்தான் சந்தோசம்," என்றார் வாப்பா. "நாளைக்கும் வலை விடுவம்."

வலை கரைக்கு வந்த பிறகு வாப்பாவை ஜீப்பில் ஏற்றினார்கள். பிணையில் வந்தார், வழக்கு இழுபட்டது. மன்னிப்புக் கேட்டால் வழக்கை விட்டுவிடலாம் என்று ஆள்விட்டார்கள். உம்மா அழுதார்.

"ஒரு சொல்லுத்தானே, சொல்லிட்டு வாங்களன்."

"நான் மாப்புக் கேட்டா, கரை அவங்கட எண்டு நானே சாட்சி சொன்ன மாதிரிப் போயிரும். அதுக்கு மறியல்ல கம்பி எண்ணுறது நல்லம்."

நோயில் விழுந்த பின்னும் வழக்குத் தவணை தவறாமல், மூத்த மகனான எங்கள் காக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றப் படியேறினார். தீர்ப்பு வருமுன் மௌத்தானார்.

அடக்கத்துக்கு முந்திய மையித்துத் தொழுகை தொடங்குமுன் மௌத்தானவருக்காக ஊரிடம் மாப்புக் கேட்பது எங்கள் வழக்கம். காக்கா எழும்பி நின்றார். "வாப்பா யாருக்கும் ஏசியிருந்தா, மனம் நோகக் கதைச்சிருந்தா, அல்லாஹ்வுக்காக மாப்புச் செய்ங்க. வேலி விசயத்துக்கு மட்டும் கேக்க வேணாம் எண்டு சொல்லிட்டுப் போயிருக்கார்."

பின்வரிசையில் இருந்து ஒரு குரல் வந்ததாம்: "அதுக்கு வேலி போட்டவங்கதான் உங்கட வாப்பாக்கிட்டக் கேக்கணும்."

வாப்பாவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும், காசு வாங்காமல் வாதாடிய சட்டத்தரணிக்கும், கபுறுக்குழி வெட்டியவர்களுக்கும், அன்று கயிறு பிடித்த எல்லாக் கைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஆள் இல்லாததால் வழக்கு முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். வேலி இன்னும் நிற்கிறது.

வாப்பாவின் ஆண்டு நினைவுக் கத்தத்துக்கு வருகிறவர்கள் சாப்பிட்ட கையோடு வீட்டுக்குப் போய்விட வேண்டாம். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு காக்கா வலை விடுகிறார். கயிறு வேலிக்கு இந்தப் பக்கம் கிடக்கும்.