ஜெரினா விலை சொல்லப் போகிறாள்

செக்காலையில் கிளம்பும்போது எண்பதாயிரமாக இருந்த விலை, குன்றக்குடி மலை கண்ணில் படும்போது அறுபதுக்கு இறங்கிவிட்டிருந்தது. ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டு விலை சொல்லிக்கொண்டேதான் ஜெரினா வண்டி ஓட்டுவாள். "எம்பதாயிரம் ஆகும் ஆச்சி." இது ஒரு தடவை. "எம்பதுதான், ஆனா நீங்க கேக்குறீகன்னு எழுவது." இது அடுத்த தடவை. எதிரே வருகிறவர்கள், போனில் யாரிடமோ சண்டை போடுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பகலில் ஓர் இரும்புக்கடையில் பில் போடுகிறாள். மீதி நேரத்தில் வெப்சைட் செய்து கொடுக்கிறாள். எந்தக் கடைக்கு எந்த நிறம் எடுக்கும், எந்தப் படத்தை எங்கே வைத்தால் பார்க்கிறவர் கண் நிற்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கூலி எவ்வளவு என்று கேட்டால் மட்டும் முழி பிதுங்கிவிடும்.

ஊரில் யார் யார் எப்படிக் கூலி பேசுகிறார்கள் என்று விசாரிப்பது அவளுக்கு ஒரு பித்து. டெய்லரிடம் விசாரிப்பாள், கொத்தனாரிடம் விசாரிப்பாள். கல்யாணச் சமையல் மாஸ்டர் ஒருவர் "நமக்கு இலைக்கு இம்புட்டுன்னு பேச்சு" என்றதும் துள்ளிக் குதித்தாள். இலைக்கு இவ்வளவு என்றால் பக்கத்துக்கு இவ்வளவு! புதுவயல் ரைஸ்மில் முதலாளி மெய்யநாதனிடம் அப்படியே பேசினாள். அவர் சற்று யோசித்துவிட்டு, "அப்ப எல்லாத்தையும் ஒரே பக்கத்துல போட்டுரு தாயி" என்றார். பொன்னி, இட்லி அரிசி, தவிடு, மில்லின் வரலாறு, அவருடைய அப்பா படம் எல்லாம் ஒரே பக்கத்தில் ஏறின. விரலால் தள்ளத் தொடங்கினால் புதுவயலில் ஆரம்பித்துப் பதினைந்து மைல் தள்ளிக் கல்லலில்தான் முடியும். கூலி ஒரு பக்கத்துக்குத்தான்.

அடுத்தது நாள் கூலி. நர்சரிக்காரர் ஒருவருக்கு ஒரு வாரம் ஆகும் என்று நினைத்த வேலை, ஆசை ஆசையாக உட்கார்ந்ததில் இரண்டே நாளில் முடிந்தது. அவர் இரண்டு நாள் கூலியும் ஒரு கொய்யாக் கன்றும் கொடுத்தார். சுறுசுறுப்புக்கும் அபராதம் உண்டு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டாள்.

இதையெல்லாம் விடப் பெரிய வியாதி ஒன்று அவளுக்கு உண்டு. விலையைச் சொன்னதும் எதிராளி கொஞ்சம் பேசாமல் இருந்தால் தாங்காது. தானே இறங்கி, தானே குறைத்து, தானே முடித்துவிடுவாள். போன மாதம் ஒரு ஜவுளிக்கடைக்காரர் "சரி" என்று சொன்ன பிறகும் இரண்டாயிரம் குறைத்துவிட்டு வந்தாள். கணக்கு டீச்சரான அக்கா யூஜினியா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அவுக சரின்னுட்டாகல்ல? அதுக்குப் பெறகும் யாருடி ஒன்னையக் கொறைக்கச் சொன்னது?"

"பாவமா மூஞ்சிய வச்சிருந்தாகக்கா."

"அவுக மூஞ்சியே அப்படித்தான்டி!"

இந்தத் தடவை விஷயம் பெரிது. நாச்சியாபுரத்தில் மீனாள் ஆச்சி தன் பெரிய வீட்டின் அறைகளை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். தங்குவதற்கு ஆள் அனுப்பும் கம்பெனிக்குக் கமிஷன் கொடுத்தே அவருக்குச் சலித்துவிட்டது. சொந்தமாக ஒரு வெப்சைட் வேண்டும் என்கிறார். இது சரியான கூலிக்கு அமைந்தால் ஜெரினா இரும்புக்கடைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மனசுக்குப் பிடித்த வேலையிலேயே முழுநேரமும் இருந்துகொள்ளலாம். என்ன கேட்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவளுக்குக் குளிக்கும்போது பொறி தட்டியது. ஈரத்தலையோடு ஓடி வந்தாள்.

"அக்கா, பக்கமும் வேணாம், நாளும் வேணாம்! ஆச்சி வீட்ல ஒரு ரூமு ராத்திரிக்கு எட்டாயிரம். என் சைட்டு வழியா பத்து ராத்திரிக்கு ஆளு வந்துட்டா எம்பதாயிரம். அதுக்கப்பறம் வர்றதெல்லாம் அவுகளுக்குத்தான!"

"கணக்குச் சரி," என்றாள் யூஜினியா. "போற வழியில நீ கொறைக்காம இருக்கணும்."

ஆச்சி வீட்டுக்குள் கால் வைத்ததும் ஜெரினாவுக்குத் தலைகால் புரியவில்லை. வளவு முற்றத்தில் விழுந்த வெயிலைப் படமெடுத்தாள். தரையில் பதித்திருந்த ஆத்தங்குடிக் கல்லை மண்டியிட்டுப் படமெடுத்தாள்.

"ஆச்சி, இந்தக் கல்லு கலரத்தான் சைட்டு பூராம் போடப் போறேன்! கதவுப் படத்தத் தொட்டா ரூமு தெறக்கும். காலியா இருக்கா இல்லையான்னு பாரிசுல இருந்தே பாத்துக்கிருவாக."

ஆச்சிக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. "எங்க, அந்தக் கதவு தெறக்குறத இன்னொருக்காச் சொல்லு" என்று கேட்டுக் கேட்டு ரசித்தார். பிறகு மாவுருண்டைத் தட்டை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"சரி ஆத்தா. என்ன ஆகும்?"

"எம்பதாயிரம் ஆச்சி."

சொல்லிவிட்டாள்! ஆச்சி பேசவில்லை. கண்ணாடியின் ஒரு பக்கத்தைத் துடைத்து முடித்து, மறுபக்கத்துக்குப் போனார். 'நீங்க கேக்குறீகன்னு' என்பது ஜெரினாவின் தொண்டை வரைக்கும் ஏறி வந்துவிட்டது. உதடு பிரிகிற நேரத்தில், தட்டிலிருந்து ஒரு மாவுருண்டையை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள். பாசிப்பருப்பு மாவும் நெய்யும் அண்ணத்தில் அப்பிக்கொண்டன. அதோடு வாயைத் திறந்தால் எதிரே இருப்பவர் முகமெல்லாம் மாவுதான்.

"எழுவதுக்கு முடியாதாக்கும்?"

ஜெரினா கண் கலங்க மென்றாள். முடியாது என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "புடிச்ச புடியில நிக்கிறியே! சரி, எம்பதே இருக்கட்டும். மொதல்ல தண்ணியக் குடி, விக்கிக்கிறப் போகுது."

ஜெரினா டம்ளரை வாங்கினாள். வாயில் இருந்தது கரைந்துகொண்டே வந்தது. டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டு, அவசர அவசரமாக இன்னொரு மாவுருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.