சக்கரவர்த்தி பிடித்த மலிவு வீடு

எங்கள் ஜவ்வாது மலையில் சாமை விளைந்தது, புளி காய்த்தது. வாத்தியார்தான் வந்து சேரவில்லை. இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் ஏறி வருவார். மூன்று பிள்ளைகளும் கைநாட்டாகப் போய்விடுமே என்று பயந்த சக்கரவர்த்தி, எழுபத்தெட்டாம் வருஷம் மாடுகளை விற்றுவிட்டுக் கணியம்பாடிக்கு இறங்கினான். பஸ் நிற்கும் இடத்தருகே வாடகை கட்டுப்படியாகவில்லை. கோயில் தெருவில் மூன்று பிள்ளைகள் என்றதும் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் சுண்ணாம்புக் காளவாய்க்குப் பின்னால், புகை மண்டும் ஒற்றை அறை மலிவாகக் கிடைத்தது.

மறுநாள் திங்கட்கிழமை. காலை பத்து மணிக்குப் பக்கத்து வாசலில் ஒருவர் பனியனோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சக்கரவர்த்தியின் மனைவி ராணியம்மாள் உற்றுப் பார்த்தாள். எங்கள் மலைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் பாண்டுரங்கனேதான்!

"இன்னாங்க சார், இஸ்கூலுக்குப் போவலீங்களா?"

அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. உள்ளே போய் மலைப் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டை எடுத்துவந்தார். பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துப் பேர் கூப்பிட்டார்.

"நல்ல வேளை வந்துட்டீங்க. இத்தினி வருசமா பசங்க மொகத்தப் பாக்காமயே ஆஜர் போட்டு மனசு உறுத்திக்கினே இருந்துச்சி. இன்னிக்குத்தாம்மா நியாயமா போடறேன்."