காலையில் நிரப்பின தண்ணீர்

என் மகளின் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காலையில் நிரப்பிக் கொடுத்தது சாயங்காலம் அப்படியே திரும்பி வரும். ஏழாவது படிக்கிற பிள்ளை, விருத்தாசலத்து வெயிலில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பாள். குடித்தால் ஒண்ணுக்கு வரும், வந்தால் பள்ளிக்கூடத்தில் போக இடமில்லை. இரண்டு முறை நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்து சுருண்டு கிடந்தாள். டாக்டரம்மா என்னைத்தான் திட்டினார்: "பிள்ளைக்குத் தண்ணி குடுக்க மாட்டீங்களா?"

நான் வேலை பார்ப்பது பீங்கான் கம்பெனியில். கக்கூஸ் கோப்பைகளுக்குப் பூச்சு அடிக்கிறேன். லாரி லாரியாக ஊருக்கெல்லாம் போகிறது, என் பிள்ளைக்கு இல்லை. இந்தக் கேவலம் பொறுக்காமல்தான் பள்ளி மேலாண்மைக் குழுவில் சேர்ந்தேன். மனுவைத் தூக்கிக்கொண்டு கடலூர் கலெக்டர் ஆபீசுக்கு எத்தனை திங்கட்கிழமை பஸ் ஏறினேனோ, கணக்கே இல்லை.

ஒருவழியாகப் பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் கட்டினார்கள். கட்டி முடித்த மறுநாளே பூட்டு! தலைமை ஆசிரியை கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: "கழுவ ஆள் போடலீங்க. பிள்ளைங்க நாறடிச்சிட்டா யாரு பதில் சொல்றது? ஆபீசர் வந்து பாக்குற வரைக்கும் சுத்தமா இருக்கட்டும்."

கழுவ ஆள் கேட்டு மறுபடி கடலூருக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார்.

"நீங்க கேட்டது கக்கூசு. கட்டியாச்சு. மனு முடிஞ்சிருச்சும்மா."

தூ! அந்த மேசையிலேயே காறித் துப்பியிருக்க வேண்டும், மென்று முழுங்கிவிட்டு வந்தேன்.

அதிகாரி வரும் நாளில் குழந்தைகள் நல விழா என்று பேனர் கட்டினார்கள். அன்றைக்குக் காலையில் மகள் கேட்டாள்: "பூட்டைப் பத்திப் பேசுவியாம்மா?" பேசுவேன் என்றேன். கிளாஸ் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாள்.

கக்கூஸ் வாசலில் கோலம் போட்டிருந்தார்கள், கர்மம். உள்ளே ஃபினாயில் மணம். கோப்பை எங்கள் கம்பெனிதான், பார்த்ததும் தெரிந்தது. அதிகாரி எட்டிப் பார்த்தார், போட்டோ எடுத்துக்கொண்டார். பெற்றோர் சார்பில் பேச என்னை அழைத்தார்கள். மைக்கை நீட்டும்போது தலைமை ஆசிரியை என் காதோரம் சொன்னார்: "பிள்ளை இங்கதான படிக்குது. பாத்துப் பேசுங்க."

மாசக்கணக்காக அலைந்தவள்தான் நான். ஆனாலும், "ரொம்ப நல்லா கட்டிக் குடுத்திருக்கீங்க, நன்றிங்க" என்று கும்பிட்டேன். எனக்குச் சால்வை போர்த்தினார்கள். அன்றைக்கு அவர்களைவிட என் மேல்தான் எனக்கு அதிகம் அருவருப்பு.

சாயங்காலம் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். கனமாக இருந்தது.

"இன்னைக்குத் தொறந்துதான இருந்துச்சு, போவலியா?"

"அவங்க கார் போனதும் பூட்டிட்டாங்க."

"டீச்சர்கிட்ட சாவி கேக்கறதுதான?"

அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பையிலிருந்து நோட்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டே சொன்னாள்:

"கேட்டேன். உங்க அம்மாவே நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்களே, உனக்கு என்னன்னு கேட்டாங்க."