முதல் வயலினின் மூச்சு

அந்த ஒலிப்பதிவு இன்னும் சுதர்ஷிகாவிடம் இருக்கிறது. அது மட்டும் இல்லையென்றால், எல்லாம் மனப்பிரமை என்று அவளே தள்ளிவிட்டிருப்பாள்.

இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. நாலு பேர் கொண்ட அந்தக் குழுவில் இரண்டாம் வயலினாகப் பல ஆண்டுகள் நாடு நாடாகச் சுற்றியவள் அவள். இப்படிப்பட்ட குழுவுக்குக் கையசைத்து நடத்த ஆள் கிடையாது. முதல் வயலின் வாசிப்பவர் மூக்கால் ஒரு மூச்சை இழுப்பார். அந்த மூச்சில் நாலு வில்லும் ஒன்றாக இறங்கும்.

முதல் வயலின் மார்த்தா. சிறுவயதில் மூக்கு உடைந்தவள். அவள் மூச்சோடு மெல்லிய விசில் ஒன்றும் சேர்ந்து வரும்.

போன மாசியில், லிஸ்பனில், ஹோட்டல் அறையில் மார்த்தா இறந்துபோனாள். குழுவைக் கலைத்துவிடலாம் என்றார்கள். சுதர்ஷிகாதான் மன்றாடினாள். மார்த்தா உட்கார்ந்த முதல் வயலின் கதிரைக்குத் தான் மாறுவதாகவும், தன் இடத்துக்குப் புதிதாக ஒருத்தியை எடுக்கலாம் என்றும் சொன்னாள். ஒரேயொரு கச்சேரி. சரிவராவிட்டால் கலைவது. அந்தக் கச்சேரி அவள் பிறந்த திருகோணமலையிலேயே அமைந்தது.

துறைமுகத்தை ஒட்டிய தேவாலயத்தின் பங்கு மண்டபம். பின்னேர வெயில். ஒத்திகை.

சுதர்ஷிகா வில்லைத் தூக்கினாள். மூச்சை இழுக்கப் போனாள். அதற்குள் மற்ற மூவரும் தொடங்கிவிட்டார்கள்.

"ஏன் முந்தினீங்கள்?"

செல்லோ வாசிக்கும் கிருஷாந்தன் நிமிர்ந்தான். கிளிவெட்டியில் பிறந்து லண்டனில் வளர்ந்தவன். "நீர் மூச்சு இழுத்தனீர். நாங்கள் வந்தனாங்கள்."

"நான் இன்னும் இழுக்கேல்லை."

"அப்ப ஆரிட்ட இரவல் வாங்கினனீர்?" சிரித்தான்.

மறுபடி வில்லைத் தூக்கினாள். இந்த முறை காதைக் கொடுத்துக் காத்திருந்தாள்.

விஸ்ஸ்...

மிக அருகில். திரும்பிப் பார்த்தாள். சுவர். யன்னல். அதற்கப்பால் அசையாமல் நின்ற ஒரு கப்பல்.

மாலையில் மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். தலைக்கு மேலே மின்விசிறி கிறீச்... கிறீச்...

இன்று என் மூச்சுத்தான், என்று நினைத்துக்கொண்டாள்.

மூக்கால் இழுத்துப் பார்த்தாள். காற்று உள்ளே இறங்கவில்லை.

சரி. நான் இழுக்கவே மாட்டேன். யார் தொடக்குகிறார்கள், பார்ப்போம்.

உதட்டை இறுக்கினாள்.

விஸ்ஸ்...

நாலு வில்லும் இறங்கின.

அவளுடையதும்.

கைதட்டல் ஓய நெடுநேரமானது. திரைக்குப் பின்னால் கிருஷாந்தன் கண்ணைத் துடைத்தான். "இனிக் கலைக்கிற கதையே இல்லை, சுதா. ஐப்பசியில வியன்னா. நீர்தான் முதல் கதிரை."

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். ஒலிப்பதிவு செய்த பிரசாந்தினி மட்டும் ஹெட்போனைக் கழற்றாமல் இருந்தாள். நாலு பேரின் கழுத்தடியிலும் குட்டி மைக் குத்தியவள் அவள்தான்.

"அக்கா, உங்களுக்குச் சளியோ? மூக்கு விசிலடிக்குது."

"அது... பக்கத்தில ஆரும் இழுத்திருப்பினம்."

"இல்லையக்கா. மற்ற மூண்டு மைக்கிலயும் அது இல்லை. உங்கட மைக்கில மட்டும்தான்." கொஞ்சம் தயங்கினாள். "இன்னொண்டும் இருக்கு."

"சொல்லுங்கோ."

"துவக்கத்தில மட்டுமில்லை. கச்சேரி முடியுமட்டும் அந்த மூச்சுத்தான் போகுது. உங்கட மைக்கில வேற மூச்சே இல்லை."

சுதர்ஷிகா விரலை மூக்கின் கீழே வைத்தாள்.

காற்று வந்துகொண்டிருந்தது.

மெல்ல...

விசிலோடு.